பட்டமளிப்பு அங்கி: வாடகைக்கு விடுவதா, விற்பதா?

மாணவர்களுக்குப் பட்டமளிப்பு அங்கி கொடுக்கும் தொழிலில் சிறிய அளவில் இறங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதுதான்: வாடகைக்கு விடலாமா, தைத்து விற்றுவிடலாமா? நியாயமான கேள்வி. ஆனால் அங்கி, முதுகில் தொங்கும் ஹூட், தொப்பி மூன்றையும் ஒரே செட்டாக நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். மாணவர் கைக்கு அவை ஒரே பையில் போவது உண்மை. கிடங்கிலோ மூன்றும் மூன்று விதமான சரக்கு. அங்கி இன்று ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அடுத்த வாரம் வேறொன்றுக்கும் போகும். ஹூட் ஒரே ஒரு பட்டத்துக்கு மட்டும்தான் பொருந்தும். தொப்பியோ விழா முடிந்த கையோடு வானத்தில் வீசப்படும். மூன்றுக்கும் ஒரே பதிலைத் தேடினால் கணக்கு எங்காவது இடிக்கும்.

இரண்டு வழிகளிலும் பிழைக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. லண்டனில் 1689-ல் தொடங்கிய ஈட் அண்ட் ரேவன்ஸ்கிராஃப்ட் இன்றும் அங்கிகளை வாடகைக்கும் விடுகிறது, விற்கவும் செய்கிறது. பிரிட்டனில் மாணவர்கள் பெரும்பாலும் வாடகைக்குத்தான் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் பெறுபவர்கள் மெல்லிய பாலியஸ்டர் அங்கியை விலைக்கு வாங்கி, நினைவாக வீட்டிலேயே வைத்துக்கொள்வது சகஜம். ஆகவே நாம் பார்க்க வேண்டியது கையில் இருக்கும் முதலுக்கும், கிடைக்கக்கூடிய விழாக்களின் எண்ணிக்கைக்கும் எது கட்டுப்படியாகும் என்பதைத்தான்.

பத்தாவது முறை

ஓர் அங்கி தைக்க ஆகும் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். அதை 130-க்கு விற்கிறோம். பேக்கிங், அனுப்பும் செலவு 5 போக, கையில் நிற்பது 25. அதே அங்கியை ஒரு விழாவுக்கு 50 வாடகைக்கு விட்டால், திரும்பி வந்ததும் துவைக்க, ஆவி இஸ்திரி போட, கிழிசலைத் தைக்க, மறுபடி மடித்து வைக்க என்று 15 போகும். மிச்சம் 35. மூன்று முறை போய் வந்தால் போட்ட காசு கைக்கு வந்துவிடுகிறது, நான்காவது முறையிலிருந்து வருவதெல்லாம் லாபம். பலரும் இந்த இடத்திலேயே கணக்கை மூடிவிட்டு, வாடகைதான் லாபம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கணக்கை இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்பவருக்கு ஒவ்வொரு அங்கியிலும் போட்ட 100 திரும்பி வந்துவிடுகிறது. அதைக் கொண்டு அடுத்த அங்கியைத் தைத்து அடுத்த மாணவருக்கு விற்கலாம். பத்து மாணவர்களுக்கு விற்றால் 250 லாபம், போட்ட 100 பத்திரமாகக் கையில். அங்கியை வாடகைக்கு விடும் வாடகைக்காரருக்குப் பத்து மாணவர்களிடமிருந்து மிஞ்சியது 350, அதில் அங்கி தைத்த 100-ஐக் கழித்தால் 250. அதாவது, பத்தாவது முறை வெளியே போய் வந்த பிறகுதான் வாடகைக்காரர் விற்பவருக்குச் சமமாக நிற்கிறார். பதினொன்றாவது முறை முதல் அவர் முன்னால் போகிறார்.

இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் துணி விலை, தையல் கூலி, துவைக்கும் செலவு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் பத்து என்பது எட்டாகலாம், பதினான்காகலாம். எதுவானாலும் அந்த எண்ணை முதலில் கண்டுபிடித்துவிட்டு, 'இந்தப் பொருள் அத்தனை முறை வெளியே போய் வருமா?' என்று அங்கி, ஹூட், தொப்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். என் பார்வையில் வாடகையா விற்பனையா என்பதைத் தீர்மானிக்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. 50 கொடுத்து வாடகைக்கு எடுக்கத் தயாராக இருக்கும் பத்துப் பேரும் 130 கொடுத்து வாங்கத் தயாராக இருக்க மாட்டார்கள். படிப்பு முடியும் நேரத்தில் மாணவர் கையில் காசு குறைவாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் போடப்போகும் உடைக்கு எவ்வளவு கொடுப்பது என்று யோசிப்பார்கள், அது சரியும்கூட. விற்பவரின் கணக்கு பத்துப் பேர் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. வாடகைக்காரரின் கணக்கு அங்கி பத்து முறை முழுசாகத் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

அங்கி

வெறும் கறுப்பு அங்கி என்றால் நான் தயங்காமல் வாடகைப் பக்கம்தான். மூன்றில் பல இடங்களுக்குப் போய்த் திரும்பி வரக்கூடிய பொருள் அது ஒன்றுதான். ஒரு கல்லூரிக்குக் காலையில் ஓர் அமர்வு, பிற்பகலில் ஓர் அமர்வு என்று விழா நடந்தால், காலையில் திரும்பி வந்த அங்கியைத் தொங்கவிட்டு, கழுத்துப் பட்டையைத் துடைத்து, பிற்பகல் மாணவருக்குக் கொடுக்கலாம். ஒரே நாளில் இரண்டு முறை. பத்து என்ற எண்ணை எட்ட இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் ஒரே சனிக்கிழமை இரண்டு ஊர்களில் விழா வைத்தால் அந்த அங்கி ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். பட்டமளிப்பு விழாக்கள் எல்லாம் ஆண்டின் ஒரு சில வாரங்களில் குவிந்துவிடுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய தலைவலி. மற்ற மாதங்களில் கிடங்கு நிறைய அங்கி தொங்கும், பணம் வராது. ஆகவே எத்தனை பல்கலைக்கழகங்கள் கிடைத்தன என்று எண்ணுவதைவிட, எத்தனை தனித்தனித் தேதிகள் கிடைத்தன என்று எண்ணுவது நல்லது. தேதி மோதாத இரண்டு சிறிய கல்லூரிகள், ஒரே நாளில் விழா வைக்கும் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களைவிட லாபமானவை.

வாடகைக்கு விடும் அங்கியும் விற்கும் அங்கியும் ஒரே துணியில் இருக்கக் கூடாது. ஒரு முறை போட்டு அலமாரியில் வைக்கும் அங்கிக்கு மெல்லிய பாலியஸ்டர் போதும். பத்து, இருபது முறை துவைத்துத் தேய்க்க வேண்டியதற்குக் கனம் வேண்டும், மடிப்பு தானாகவே விழ வேண்டும். பாலியஸ்டர், விஸ்கோஸ் கலந்த துணி நான் பார்த்தவரை நன்றாக உழைக்கிறது. தோள்களைச் சேர்த்துப் பிடிக்கும் மேல்பட்டைக்குக் கீழே முதுகில் சின்னச் சின்னச் சுருக்குகள் வருமே, அந்த இடத்தை இரண்டு கைகளாலும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். தையலுக்கு இடையில் வெளிச்சம் தெரிந்தால் அந்த அங்கி மூன்றாவது விழாவில் கிழியும். அங்கியின் முழுக் கனத்தையும் தாங்குவது அந்தத் தையல்தான். உள்ளே கோட்டுப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காரும்போது முதலில் விட்டுப்போவதும் அதுதான்.

திரும்பி வரும் பைகளைப் பிரித்துப் பார்த்தால் அங்கிகள் எப்படிப் பழுதாகின்றன என்பது புரியும். கழுத்தில் முகப்பூச்சின் தடம், பின் ஓரத்தில் குதிகால் மாட்டிப் பிரிந்த தையல், கைப்பட்டையில் பேனா மை. இவையெல்லாம் ஊசி நூலாலும் சோப்பாலும் சரியாகிவிடும். சரியாகாதது ஒன்று உண்டு: சுருக்கம் தெரிகிறதே என்று மாணவர் வீட்டில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்திருப்பார். பாலியஸ்டரில் விழுந்த அந்தப் பளபளப்புத் தடம் கடைசி வரை போகாது. மேடை விளக்கில் இன்னும் பளிச்சென்று தெரியும். 'குளியலறையில் வெந்நீர் ஆவியில் தொங்கவிடுங்கள், இஸ்திரி வேண்டாம்' என்று ஒரு சீட்டில் எழுதி, பையைத் திறந்ததும் கண்ணில் படும்படி வையுங்கள். காகிதச் செலவு மிகக் குறைவு, காப்பாற்றுவது முழு அங்கி.

முன்பக்கம் திறந்திருக்கும் அங்கியா, ஜிப் வைத்து மூடியதா என்பதும் வாடகையைப் பாதிக்கும். அமெரிக்க முறையில் இளநிலை அங்கி மூடிப் போடுவதற்காக வடிவமைத்தது, பெரும்பாலும் ஜிப் இருக்கும். பிரிட்டன் முறையில் அங்கியைத் திறந்தபடி போடுவார்கள். வாடகைக்காரருக்குத் திறந்த அங்கி நிம்மதி. அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் தெரியாது, கெட்டுப்போக ஜிப்பும் கிடையாது. உங்கள் பல்கலைக்கழகத்தின் விதி ஜிப்பைக் கேட்டால், பழுது பார்க்கும் செலவைச் சற்றுக் கூட்டியே போடுங்கள்.

அளவு அவ்வளவு சிரமமில்லை. அங்கியின் நீளம் உயரத்தை வைத்துத்தான். பெரும்பாலும் 3 அங்குல இடைவெளியில் அளவுகளை வைத்தால் போதும். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஓரம் விழ வேண்டும். உயரம் மட்டும் கேட்டுவிட்டு உடல்வாகைக் கேட்காமல் விடுவதுதான் பிரச்சினையாகும், அகலமான அளவு தனியாகக் கொஞ்சம் வைத்திருங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பின்பக்கம் குட்டையான அங்கி வேண்டும், நீளமாக இருந்தால் சக்கரத்தில் சிக்கும். கேட்டால்தான் சொல்வார்கள் என்பதால் பதிவுப் படிவத்திலேயே அதற்கு ஓர் இடம் விடுங்கள்.

இனி, விற்பனை எங்கே ஜெயிக்கிறது? இரண்டு இடங்களில். முதலாவது, மாணவர்கள் பல நாடுகளில் சிதறியிருக்கும் தொலைதூரப் படிப்புகள். அங்கியைத் திரும்ப அனுப்பும் தபால் செலவு வாடகையில் பாதியைத் தின்றுவிடும், நேரத்துக்கும் வந்து சேராது. அங்கே மெல்லிய துணியில் தைத்து விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம். 2020-ல் விழாக்கள் ரத்தாகி, பல இணையத்துக்கு மாறியபோது, வாடகையை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு வழியே இல்லாமல் போனது. வீட்டில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ள அங்கியைத் தபாலில் விற்க முடிந்தவர்களுக்குக் கொஞ்சமாவது வரவு இருந்தது.

இரண்டாவது, முனைவர் பட்டம் பெறுபவர்கள். இவர்களில் கணிசமானோர் ஆசிரியர்களாகி ஆண்டுதோறும் விழா ஊர்வலத்தில் நடக்கப் போகிறவர்கள். ஒவ்வோர் ஆண்டும் வாடகை கொடுப்பதைவிட ஒரு நல்ல அங்கியை வாங்கிவிடுவதுதான் அவர்களுக்கு மிச்சம். அமெரிக்க முறையில் முனைவர் அங்கிக்கு மணி போல் விரிந்த கைகள், ஒவ்வொரு கையிலும் மூன்று வெல்வெட் பட்டைகள், முன்பக்கம் நெடுக வெல்வெட். இதை அளவெடுத்து, நல்ல துணியில், நிதானமாகத் தைத்துக் கொடுத்தால் வாங்கியவர் பல ஆண்டுகள் அதைப் போடுவார், சக ஆசிரியர்களிடமும் சொல்வார். பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் அனுப்பும் பரபரப்பில் இந்த வேலைக்கு நேரம் ஒதுக்குவது கடினம். சிறிய நிறுவனத்தால் முடியும். வாடகைத் தொழில் மந்தமாக இருக்கும் மாதங்களில் தையல்காரர்களுக்கு வேலை கொடுக்கவும் இது உதவும்.

ஹூட்

சிறு நிறுவனத்தின் கையைக் கடிப்பது பெரும்பாலும் ஹூட்தான். அங்கியைவிடச் சின்னது, துணி குறைவு, செலவும் குறைவு என்று நினைத்து யோசிக்காமல் தைத்து அடுக்கிவிடுவார்கள். அப்புறம் பார்த்தால் இந்தப் பல்கலைக்கழகத்தின் வணிகவியல் ஹூட் அடுத்ததற்குப் பொருந்தாது, அதே பல்கலைக்கழகத்தின் அறிவியல் மாணவருக்கும் பொருந்தாது.

அமெரிக்காவில் இது ஒழுங்குக்கு வந்ததில் ஒரு குடும்ப நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆல்பனி நகரில் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த கார்ட்னர் காட்ரெல் லியோனார்ட் 1887-ல் வில்லியம்ஸ் கல்லூரியில் தன் வகுப்புக்கு அங்கி வடிவமைத்தார். 1893-ல் பட்டமளிப்பு உடைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1895-ல் பல்கலைக்கழகங்கள் கூடி உடைக்கான பொது விதிகளை ஏற்றபோது அவருடைய ஆலோசனை அதில் இருந்தது. அந்த விதிகளின் வழியில் ஹூட்டின் நீளம் இளநிலைக்கு 3 அடி, முதுநிலைக்கு மூன்றரை அடி, முனைவருக்கு 4 அடி. ஓரத்து வெல்வெட் முறையே 2, 3, 5 அங்குலம். வெல்வெட்டின் நிறம் துறையைச் சொல்லும்: அறிவியலுக்குப் பொன் மஞ்சள், மருத்துவத்துக்குப் பச்சை, சட்டத்துக்கு ஊதா, பொறியியலுக்கு ஆரஞ்சு, இசைக்கு இளஞ்சிவப்பு. உள்பக்கப் பட்டின் நிறம் பல்கலைக்கழகத்தைச் சொல்லும். இப்படிப் பொது விதி இருக்கும் இடத்தில்கூட, பட்ட நிலை, துறை, பல்கலைக்கழகம் மூன்றும் பெருக்கிக்கொண்டே போகும். மூன்று நிலைகள், பன்னிரண்டு துறைகள் என்றால் ஒரே பல்கலைக்கழகத்துக்கு 36 வகை ஹூட். பொது விதியே இல்லாத இடங்களில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கும்.

இந்த 36-ல் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் வெளியே போகும். பத்து முறை போய் வரப் பத்து ஆண்டுகள். அதற்குள் துறையின் பெயர் மாறலாம், நிறம் மாறலாம், பல்கலைக்கழகம் வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். ஆகவே ஹூட்டுக்கு என் பதில் இப்படி: பல்கலைக்கழகத்தோடு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தால், அதுவும் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள துறைகளுக்கு மட்டும், தைத்து வைத்து வாடகைக்கு விடுங்கள். ஹூட் அங்கியைப் போல் அழுக்காவதோ கிழிவதோ இல்லை, பத்திரமாக வைத்தால் நெடுநாள் வரும். ஒப்பந்தம் இல்லை என்றால், பதிவு வந்த பிறகு மட்டும் தைத்து விற்றுவிடுங்கள். தன் பட்டத்தின் நிறம் அதில்தான் இருக்கிறது என்பதால் நினைவுக்கு வைத்துக்கொள்ள மாணவர்கள் விரும்புவதும் அதைத்தான். கறுப்பு அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹூட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவது அவர்களுக்கும் செலவு குறைந்த ஏற்பாடு.

அங்கியே நிறத்தில் இருந்தால்? பல்கலைக்கழகம் கறுப்பை விட்டுத் தனி நிறம் கேட்டால், அந்த அங்கியும் ஹூட்டைப் போலத்தான். வாடகைக் கணக்கை மறந்துவிட்டு ஒப்பந்தம் உண்டா என்று முதலில் பாருங்கள்.

நிறத்தைப் பற்றி இன்னொன்று. துணி ஒரே கடையில் ஒரே எண் சொல்லி வாங்கினாலும், வேறு நாளில் சாயம் ஏற்றிய துணிச்சுருள் என்றால் நிறம் சற்று மாறும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது. மேடையில் நாற்பது பேர் முதுகைக் காட்டி வரிசையாக நிற்கும்போது, நடுவில் நான்கு பேருடைய நீலம் மட்டும் வேறாக இருப்பது கடைசி வரிசைக்கும் தெரியும். ஒரு துறைக்கு வேண்டிய துணியை ஒரே தொகுதியில் வாங்குங்கள், ஒரு முழத் துண்டை வெட்டித் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வாங்கும்போது அந்தத் துண்டைக் கடையின் குழல் விளக்கிலும் வெளியே வெயிலிலும் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் சாயம் இன்னொன்றில் ஒத்துப்போகாமல் இருப்பது சாதாரணமாக நடக்கும்.

ஹூட்டின் முன்பக்கம், கழுத்துக்குக் கீழே, ஒரு சின்ன நூல் வளையம் இருக்கும். சட்டைப் பொத்தானில் மாட்டுவதற்கு. மாட்டாவிட்டால் ஹூட்டின் கனம் பின்னால் இழுத்து, பட்டை தொண்டையில் வந்து அழுத்தும். பொத்தான் இல்லாத உடையில் வரும் மாணவிகள் விழா முழுக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே நிற்பதைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஒவ்வொரு பையிலும் இரண்டு ஊக்குகளைப் போட்டு அனுப்புங்கள். இதைச் செய்யும் நிறுவனத்தை மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

தொப்பி

இதில் யோசிக்க அதிகம் இல்லை. விற்றுவிடுங்கள். தலை வியர்வையும் எண்ணெயும் படும் பொருள், துவைக்க முடியாது, உள்ளே இருக்கும் அட்டை ஈரம் பட்டால் வளைந்துவிடும். போதாக்குறைக்கு வீசுகிறார்கள். தொப்பி வீசும் பழக்கம் 1912-ல் அமெரிக்கக் கடற்படை அகாடமியில் தொடங்கியதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு பட்டதாரிகளுக்கு அதிகாரிகளுக்கான புதுத் தொப்பி உடனே கிடைத்ததால் பழையது தேவைப்படவில்லையாம். சதுரத் தட்டின் முனை யார் மீதாவது பட்டால் காயம்தான். 2016-ல் இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில், தொப்பியை வீசுவதுபோல் பாவனை செய்தால் போதும், படத்தில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று மாணவர்களிடம் சொன்னது பெரிய செய்தியானது. எவ்வளவு சொன்னாலும் வீசுகிறவர்கள் வீசத்தான் செய்வார்கள். அது அவர்களுடைய நாள். திரும்பி வராது என்று தெரிந்தே விலை வைத்துவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு இருக்காது.

தலைச் சுற்றளவு 54 முதல் 62 சென்டிமீட்டர் வரை வேண்டும். பின்பக்கம் எலாஸ்டிக் வைத்தது சிறு நிறுவனத்துக்கு நல்லது, மூன்று அளவுகளில் முடிந்துவிடும். தலையில் துணி கட்டுபவர்களுக்கும், சுருள் முடி அடர்த்தியாக இருப்பவர்களுக்கும் பெரிய அளவு சிலது எடுத்து வையுங்கள். குஞ்சங்களை மட்டும் பல நிறங்களில் தனியாக வாங்கி வைத்தால், தொப்பி எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாகிவிடும்.

யாரிடம் காசு வாங்குவது

பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போடுவதா, மாணவர்களிடம் நேராகப் போவதா? ஒப்பந்தம் என்றால் எண்ணிக்கை முன்கூட்டியே தெரியும், உயரப் பட்டியல் வந்துவிடும், அரங்கில் மேசை போட இடம் கிடைக்கும். பதிலுக்கு அவர்கள் ஒரு பங்கு கேட்கலாம், தாமதமானால் அபராதம் வைக்கலாம், பணம் தர மாதக்கணக்காகலாம். ஒரே வாடிக்கையாளரை நம்பி அங்கி தைத்துவிட்டு, அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கைமாறினால் முதலுக்கே மோசம். நேராக மாணவர்களிடம் போனால் பணம் முன்னதாகவே கைக்கு வரும். ஆனால் கைப்பட்டையின் வெட்டோ நிறமோ விதிக்கு மாறாக இருந்து, அரங்க வாசலில் மாணவரை நிறுத்திவிட்டால் அந்த அவமானத்தை எந்தப் பணத்தாலும் சரிக்கட்ட முடியாது. நான்கு வருடம் படித்துவிட்டுக் குடும்பத்தோடு வந்திருக்கும் பிள்ளை அது.

என் யோசனை, தொடக்கத்தில் ஒரு சிறிய கல்லூரியின் ஒப்பந்தம், கூடவே பக்கத்தில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகத்தின் மாணவர்களுக்கு நேரடியாகக் கறுப்பு அங்கி மட்டும். அங்கே ஹூட்டைத் தொட வேண்டுமானால், முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் உடை விதிகளைப் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி, ஒரு மாதிரியைத் தைத்துக் காட்டி ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டுப் புகைப்படத்தைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுக்க வேண்டாம். படத்தில் நிறம் ஒருபோதும் சரியாக வராது.

வீட்டுக்கு அனுப்புவதா, அரங்கில் கொடுப்பதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாடகை அங்கி என்றால் அரங்கில்தான். தபாலில் அனுப்பினால் ஒவ்வொரு பையும் போகவும் வரவும் சேர்த்து ஒரு வாரத்துக்கு மேல் கையை விட்டுப் போய்விடும், காலை மாலை இரண்டு அமர்வு என்ற லாபமும் போகும். அரங்கில் கொடுத்தால் உயரத்தைக் கண்ணால் பார்த்து மாற்றிக் கொடுக்கலாம், விழா முடிந்ததும் அதே வாசலில் வாங்கிக்கொள்ளலாம். பத்துக்கு ஒன்று வீதம் கூடுதல் அங்கி எடுத்துப் போங்கள், அதிலும் நடு அளவுகளில் அதிகமாக. உயரத்தை ஓர் அங்குலம் கூட்டிச் சொல்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். மேசைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கொடுக்க, இன்னொருவர் தோளில் சரியாகப் போட்டுவிட. ஹூட்டை உள்பக்கம் தெரியும்படி மடித்துவிடுவது பழகிய கைக்கு ஒரு நொடி வேலை. மாணவர் தானே செய்ய முயன்றால் கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் போராடுவார்.

சொந்தமாகத் தைப்பதா, பெரிய தொழிற்சாலையில் மொத்தமாக வாங்குவதா என்றால், கறுப்பு அங்கியை வாங்கலாம், அது பெரும்பாலான இடங்களில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஹூட்டும் முனைவர் அங்கியும் உங்கள் மேற்பார்வையில், உங்களுக்குத் தெரிந்த தையல்காரரிடம். மொத்தமாக வாங்குமுன் ஒன்றே ஒன்றை வரவழைத்து ஐந்து முறை துவைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து எடுத்த மறுசுழற்சிப் பாலியஸ்டர் அங்கிகள் இப்போது கிடைக்கின்றன. மாணவர்கள் அதை விரும்பிக் கேட்கவும் செய்கிறார்கள், நல்ல விஷயம். ஆனாலும் ஒரு முறை போட்டுத் தூக்கிப்போடும் மறுசுழற்சி அங்கியைவிட, இருபது முறை போடும் சாதாரண அங்கி குறைவான துணியில் வேலையை முடிக்கிறது என்பதை அவர்களிடம் தயங்காமல் சொல்லலாம்.

முதல் ஆண்டில் கையில் முதலீடு குறைவு என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். தேதி மோதாத இரண்டு விழாக்களில் பெரியதற்கு வேண்டிய அளவு கறுப்பு அங்கி, அதையே இரண்டுக்கும் சுழற்றுங்கள். தொப்பியைப் பதிவு எண்ணிக்கைக்கு மேல் ஒரு பெட்டி மட்டும் கூடுதலாக வாங்குங்கள். ஹூட்டுக்குப் பதிவை விழாவுக்கு ஆறு வாரம் முன்பே முடித்துவிடுங்கள், அதற்குப் பிறகு வருபவர்களுக்கு அங்கியும் தொப்பியும் மட்டும்தான் என்று படிவத்தின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.